எத்தனை கம்ப்யூட்டரில்?

நான்கு மணிக்குள் அக்காவின் புதுக் கம்ப்யூட்டரில் சிஸ்டத்துக்கு லைசென்ஸ் ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் அவளுக்குக் கிடைத்த வேலை பட்டியலில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். நான் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டே கால்.

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புகிற குறிப்புகளை வீட்டிலிருந்தே கேட்டு டைப் அடித்துத் தருவதுதான் வேலை. தேர்வு, மறுதேர்வு, காத்திருப்பு என்று எட்டு மாதம் ஓடியிருந்தது. கடைசியில் ஒரு மெயில் வந்தது. நோயாளிகளின் விவரம் வந்துபோகும் மெஷின் என்பதால் கம்பெனியின் செக்கிங் புரோகிராமை ஓட்டிக் காட்ட வேண்டும், லைசென்ஸ் இல்லையென்றால் அது அங்கேயே நிறுத்திவிடும், கெடு இன்று மாலை நான்கு. அக்கா அதைப் பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள்.

புதுக் கம்ப்யூட்டரை லைசென்ஸ் இல்லாமல் வெறும் உடம்பாகத்தான் வாங்கியிருந்தார்கள். லைசென்ஸுக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டாம், வீட்டிலேயே ஒன்று இருக்கிறது என்று சொன்னவன் நான்தான். ஆறு வருஷத்துக்கு முன் மாமா பழைய கம்ப்யூட்டருக்காகப் பெட்டியில் தனியாக வாங்கியது. மெஷினோடு சேர்ந்தே வருகிற லைசென்ஸ் அந்த மெஷினோடு செத்துப்போகும். தனியாக வாங்கியதை இடம் மாற்றலாம். ஒரே நிபந்தனை, ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டரில்தான் இருக்க வேண்டும்.

இது எனக்குத் தெரிந்த தொழில். லைசென்ஸ்களைப் போனில் மாற்றிக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் மூன்று வருஷம் ராத்திரி ஷிஃப்ட் பார்த்திருக்கிறேன். பிறகு நானாக நின்றுவிட்டேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். யாரும் நம்பவில்லை. யாரும் தோண்டவும் இல்லை.

மாமாவுக்கு, அதாவது அக்காவின் வீட்டுக்காரருக்கு, எடைமேடையில் வேலை. லாரி மேடை மேல் ஏறும், அவர் எடையைப் பார்த்துச் சீட்டு எழுதுவார். பத்தொன்பது வருஷம். லாரிக்காரர்கள் அவருக்கு, தராசு முள்ளை நினைத்து, 'முள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டிரைவர் கீழே இறங்காவிட்டால் டிரைவரின் உடம்பும் சேர்ந்துதான் சீட்டில் வரும். கெஞ்சினால், "இறங்கினா குறையும், இறங்கலைன்னா குறையாது" என்பார். அதற்கு மேல் பேச்சே கிடையாது.

இன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். இன்டர்நெட்டில் முயன்று பார்த்தேன். இந்த எண் வேறொரு கம்ப்யூட்டரில் இருக்கிறது, போன் செய்யவும் என்று திரை சொல்லிவிட்டது.

"மாமா, முதல்ல மெஷின் குரல்தான் பேசும். திரையில இருக்கிற நம்பரைக் கேக்கும், படிங்க. கடைசியில, இதையும் சேர்த்து எத்தனை கம்ப்யூட்டர்னு கேக்கும். ஒண்ணுன்னு சொல்லுங்க. முடிஞ்சது."

"பழசுல இருக்கே மாப்ள."

"இதுல ஏறினதும் அதுல எடுத்துடுவோம்."

"எடுக்கப் போறோம். இன்னும் எடுக்கலையே."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. முன்னாடியே எடுத்துட்டு இதுல ஏறலைன்னா ரெண்டும் கெட்டுப்போகும். அதைத் திரும்பப் போட்டாலும் ஏறுமான்னு சொல்ல முடியாது."

மாமா போனைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். லைசென்ஸ் அவர் பெயரில் இருந்தது. அவர் பெயரைச் சொல்லி நானே பேசிவிடுகிறேன் என்றேன்.

"என் பேர்ல நீ பேசினா, நான் யாரு பேர்ல இங்க உட்கார்ந்திருக்கிறது?"

அவரே பேசினார். அறுபத்துமூன்று இலக்கங்களை ஒரு தடுமாற்றமும் இல்லாமல் படித்தார். கேள்வி வந்தது.

"ரெண்டு" என்றார்.

மெஷின் குரல் அவரை ஓர் ஆளிடம் தள்ளிவிட்டது. அந்த ஆளும் அதையே கேட்டான். அவனிடமும் ரெண்டுதான். ஒரு லைசென்ஸுக்கு ஒரு கம்ப்யூட்டர்தான், இன்னொன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டான். அவன் இந்நேரம் அந்த எண்ணுக்கு எதிரே 'இரண்டு' என்று குறித்திருப்பான். அடுத்து யார் போனை எடுத்தாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

அக்கா கழுத்தில் ஹெட்போனோடு வாசல்படியில் நின்றிருந்தாள்.

"எட்டு மாசம். ஒரே ஒரு சொல்லு. பல்லு முளைக்காத பிள்ளைகூடச் சொல்லும்."

"இருக்கிறதைச் சொன்னேன்."

"இருக்கிறதைச் சொல்லிச் சொல்லித்தானே கூட வேலைக்குச் சேர்ந்தவங்க எல்லாம் ரூம்ல ஏசி போட்டு உட்கார்ந்திருக்காங்க. நீங்க இன்னும் சீட்டு கிழிச்சுட்டு இருக்கீங்க."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அழுக்காக இல்லை.

"பழசுல எடுத்துடு மாப்ள. எடுத்தாச்சுன்னா நானும் தயங்காம சொல்லுவேன்."

"ஏறலைன்னா?"

"எடுடா" என்றாள் அக்கா. "இந்த மனுஷன் வாயில வேற எப்படியும் வராது."

பழைய கம்ப்யூட்டர் கட்டிலுக்கு அடியில் இருந்தது. இழுத்துத் துடைத்து வயரைச் சொருகி ஆன் செய்தால் திரை வருவதற்கே பதினோரு நிமிஷம் ஆயிற்று. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். மாமா ஒருமுறை அதன் தலையில் தட்டினார். கறுப்புத் திரையைத் திறந்து கட்டளையை அடித்தேன். லைசென்ஸ் எண் நீக்கப்பட்டது என்று ஒரு வரி வந்தது.

"எங்க, காட்டு."

குனிந்து அதை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் போனை எடுத்தார்.

பதினான்கு நிமிஷம் வெறும் இசை. மூன்று முப்பத்தாறுக்கு ஒரு பெண் எடுத்தாள். குரல் களைத்திருந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தோம்.

"இதுக்கு முன்னாடி ரெண்டு கம்ப்யூட்டர்னு சொல்லியிருக்கீங்க சார்."

"இதையும் சேர்த்துக் கேட்டாங்க. அப்போ ரெண்டு."

"இப்போ எத்தனை கம்ப்யூட்டர்ல இருக்கு?"

மாமா பழையதைப் பார்த்தார். புதியதைப் பார்த்தார். நான் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன். அக்காவும் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

"எதுலயும் இல்லம்மா."

அக்காவின் விரல் மெதுவாகக் கீழே இறங்கியது.

மூன்று வருஷத்தில் என்னிடம் ஒருவர்கூடப் பூஜ்யம் சொன்னதில்லை. பதில் போடும் கட்டத்தில் பூஜ்யம் அடித்தால் ஏற்காது என்பது மட்டும் தெரியும். அந்தப் பெண்ணும் இப்போது அதைத்தான் கண்டுபிடித்துக்கொண்டிருப்பாள்.

"சார், எதுலயும் இல்லன்னா எனக்கு இங்க போடுறதுக்கு இடமே இல்லை."

"பழசுல எடுத்தாச்சும்மா. புதுசுல நீங்க கொடுத்தாதானே வரும்? வராததை வந்துடுச்சுன்னு எப்படிச் சொல்றது?"

"அப்போ நான் இதைக் கேன்சல் பண்ணத்தான் முடியும்."

மூன்று நாற்பத்திரண்டு. நான் போனைப் பிடுங்கினேன்.

"மேடம், கேள்வியை மாத்திக் கேளுங்க. நீங்க கொடுத்த பிறகு எத்தனைல இருக்கும்னு கேளுங்க."

"நீங்க யாரு?"

"அவர் மச்சான்."

"அப்படிக் கேக்கக் கூடாது சார். அது நாங்களே பதிலை எடுத்துக் கொடுக்கிற மாதிரி."

"தெரியும். என்னை அதுக்குத்தான் வேலையை விட்டுத் தூக்கினாங்க."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை. அந்த அலுவலகத்தில் கடைசி ஆறு மாதம் நான் யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. பெயரைக் கேட்டதும் 'ஒன்று' என்று நானே போட்டு எண்ணைக் கொடுத்துவிடுவேன். இரக்கத்தால் அல்ல. ஒரே கேள்வியைக் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போயிருந்தது.

மறுமுனையில் ஏதோ பட்டனை அழுத்தும் சத்தம் கேட்டது. வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

"ஓனர்கிட்ட கொடுங்க" என்றாள்.

கொடுத்தேன்.

"சார், எத்தனை கம்ப்யூட்டர்ல போடுறதுக்காக எங்களைக் கூப்பிட்டிருக்கீங்க?"

"ஒண்ணுலம்மா."

"ஒண்ணு" என்றாள். கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "பேனா வச்சிருக்கீங்களா?"

ஆறு ஆறாக எட்டு வரிசை எண்கள் சொன்னாள். மாமா சீட்டு எழுதுகிற கையெழுத்தில் எழுதி, முழுவதையும் அவளுக்குத் திருப்பிப் படித்துக் காட்டினார். அவள் ஐந்தாவது வரிசையில் ஓர் இலக்கத்தை மாற்றிச் சொல்லியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. அவளே திருத்தினாள். மாமா படிக்காமல் விட்டிருந்தால் அதோடு தீர்ந்திருக்கும்.

அக்கா எண்களை அடித்தாள். லைசென்ஸ் ஏறியது. மூன்று ஐம்பத்து மூன்று. செக்கிங் புரோகிராமை ஓட்டினாள். அது வரிவரியாகப் பார்த்துக்கொண்டே போனது. லைசென்ஸ் வரிக்கு எதிரே பச்சை விழுந்தது. கடைசி வரியும் பச்சை. மூன்று ஐம்பத்தெட்டு.

யாரும் கை தட்டவில்லை. அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஹெட்போனைக் காதில் மாட்டினாள்.

"முதல் பைல் வந்துடுச்சு. ரெண்டு பேரும் எழுந்து வெளிய போங்க. ஏங்க, உங்களைத்தான். அந்தப் பழசையும் தூக்கிட்டுப் போங்க, கால்ல இடிக்குது."

ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி வெளியே வைத்தோம். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமா சட்டையில் பட்ட தூசியைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பொண்ணுக்கு இதனால ஏதாவது வருமா?"

"பேசின ரெக்கார்டிங்கைப் போட்டுக் கேட்டாங்கன்னா வரும்."

"கேப்பாங்களா?"

"நூத்துக்கு ரெண்டு கேப்பாங்க. எல்லாத்தையும் கேக்க ஆள் இல்லை."

அவர் பழைய கம்ப்யூட்டரைச் சுவரோரம் தள்ளி வைத்தார்.

"உன்னோடது எத்தனை கேட்டாங்க?"

"நாப்பது. ஒண்ணுலயும் அந்தக் கேள்வி இல்லை."

அவர் தலையை ஆட்டினார். கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா டைப் அடிக்க ஆரம்பித்திருந்தாள்.