பத்து நிமிட விதி

அந்த அடுக்ககத்தில் எல்லோருக்கும் அவள் டீச்சர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவளை வேறெப்படிக் கூப்பிடுவது? லேத் பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டிய கணவர் பக்கவாதத்தில் விழுந்தபிறகு, அவளுடைய சின்ன மின்சாரக் கார்தான் வீட்டை இழுத்துக்கொண்டு ஓடியது. அவள் வாங்கியதைப் பார்த்து இன்னும் ஆறு வீட்டுக்காரர்கள் அதே மாதிரி வண்டிக்கு மாறினார்கள்.

அப்போதெல்லாம் அவரவர் இடத்தில், அவரவர் மீட்டரிலிருந்து கம்பி இழுத்துச் சார்ஜ் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். அப்புறம் எங்கோ ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பேட்டரி தீப்பிடித்த வீடியோ குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தது. மறுவாரமே அத்தனை கம்பிகளையும் பிடுங்கிவிட்டார்கள். பதிலுக்கு கேட் பக்கத்தில், வெட்டவெளியில், ஏழு வண்டிக்கும் சேர்த்து இரண்டே சார்ஜர். சார்ஜ் ஏறி முடிந்ததும் பத்து நிமிடத்தில் வண்டியை நகர்த்த வேண்டும். தவறினால் சக்கரத்துக்குப் பூட்டு. மறுநாள் மாலைதான் திறப்பார்கள்.

டீச்சரின் வண்டிக்கும் ஒருமுறை பூட்டு விழுந்தது. அன்று வகுப்புக்குக் காத்து நின்றவர்கள் வேறு பயிற்சிப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். அதிலிருந்து கைபேசி சிணுங்கினால் போதும், போட்டது போட்டபடி நான்கு மாடி இறங்கி ஓடுவாள்.

"எனக்காக என்னைக்காவது இப்படி ஓடியிருக்கியா?" என்று கணவர் கோணிய வாயால் குழறுவார்.

"உங்களுக்கு யாராவது பூட்டு போட வரட்டும், அப்ப ஓடி வர்றேன்," என்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரை முக்காலியில் உட்காரவைத்துத் தலைக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தாள். சங்கச் செயலாளர் கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, உங்க வண்டி ஃபுல்லாயிடுச்சு. பின்னாடி ஆள் நிக்கறாங்க."

"இவரைக் குளிப்பாட்டிட்டு இருக்கேன் சார். கொஞ்சம் பொறுங்களேன்."

"உங்களுக்கு விட்டுக்கொடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்கம்மா. என் தலையத்தான் உருட்டுவாங்க."

அவள் கணவரின் நல்ல கையை எடுத்துச் சுவர்க் கம்பியில் வைத்தாள். "கெட்டியாப் பிடிச்சுக்கங்க. இதோ வந்துடறேன்."

"போ, போ," என்றார் அவர், கண்ணை மூடிக்கொண்டே.

கீழே அவள் வண்டிக்குக் குறுக்கே எவனோ ஒரு பெட்ரோல் காரை நிறுத்திவிட்டுப் போயிருந்தான். ஹாரன் அடித்து, காவலாளியை அனுப்பி, காருக்குச் சொந்தக்காரன் ஆடி அசைந்து வந்து எடுப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

மேலே வந்தபோது குளியலறைக் கதவுக்கு வெளியே அவர் கால் தெரிந்தது. சோப்பு கண்ணில் இறங்கி எரிந்திருக்க வேண்டும். துடைக்க அவருக்கு இருந்தது ஒரே கை. அதைக் கம்பியிலிருந்து எடுத்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே போய்விட்டார்.

"எங்கண்ணனைவிட அந்த வண்டி பெருசாப் போச்சா அண்ணி?" என்று சாவு வீட்டில் எல்லோர் முன்னாலும் நாத்தனார் கேட்டாள். செயலாளரும் வந்திருந்தார். "நான் கூப்பிடாம இருந்திருக்கலாம்," என்று முணுமுணுத்தார்.

"கூப்பிடலேன்னா பூட்டு போட்டிருப்பீங்க," என்றாள் அவள். குரலில் கோபம்கூட மிச்சமில்லை.

அடுத்த கூட்டத்தில், பழையபடி அவரவர் இடத்திலேயே சார்ஜ் போட விடலாமா என்று ஒருவர் கேட்டுப் பார்த்தார். "தீப்பிடிச்சா யார் பொறுப்பு?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. ஆதரவாகத் தூக்கிய கைகள் இறங்கிவிட்டன. ஒவ்வொருவராக மின்சார வண்டியைத் தள்ளிவிட்டார்கள். டீச்சரும் விற்றுவிட்டு, இருமிக்கொண்டு கிளம்பும் ஒரு பழைய பெட்ரோல் காரை வாங்கினாள். அதைத் தன் இடத்தில் நிறுத்திவிட்டு மேலே போனால் விடியும்வரை யாரும் கூப்பிடுவதில்லை. ஆனாலும் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

புதிதாகச் சேர்ந்த பெண்ணொருத்தி வண்டி ஓட்டிக்கொண்டே கேட்டாள்: "மின்சார வண்டி வாங்கலாமா டீச்சர்? நல்லாருக்குமா?"

"வண்டி நல்ல வண்டிதாம்மா," என்றாள் டீச்சர். "அதை எங்க நிறுத்தப்போறே?"

அந்தப் பெண் யோசித்ததில் கிளட்சைப் பட்டென்று விட்டுவிட்டாள். வண்டி குலுங்கி நின்றது. டீச்சர் மறுபடி கிளப்பச் சொல்லிச் சைகை காட்டினாள்.