கழுதத் தோட்டத்து முறைப்பாடு

தெரியாது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் சொன்னதை நினைத்தால் திலீபன் இன்றைக்கும் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்துவிடுகிறான். உட்காரட்டும். அவனுக்கு வேண்டியதுதான்.

திலீபன் கண்டி டவுனில் ஒரு தொலைபேசிக் கம்பனியில் என்ஜினியர். கோபுரங்களில் நெரிசல் வராமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. ஒரு கோபுரத்தில் ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் பேசலாம் என்று கணக்கு உண்டு, பஸ்ஸில் சீட் மாதிரி. எங்கே கூட்டம் ஏறுகிறதோ அங்கே இடத்தைக் கூட்டி, வேறெங்காவது குறைத்து, யாரும் முணுமுணுக்காமல் ஓட்ட வேண்டும். அந்த வித்தையில் பயல் கெட்டிக்காரன்தான், சும்மா சொல்லக் கூடாது. ஜூன் மாதம் பன்விலைக்கு மேலே ஒரு மலைக் கோபுரத்தில், பேச்சுக்கு இருந்த பதினான்கு இடத்தை ஏழாகச் சுருக்கி மிச்சத்தை இன்டர்நெட்டுக்குக் கொடுத்தான். பழைய தொரை பங்களாவை ஹொட்டேலாக்கியிருந்தவர்கள் நன்றிக் கடிதமே அனுப்பினார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பட்டன் போன் வைத்திருந்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஓகஸ்டில், கண்டிப் பெரஹரா ஊர்வலத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒருநாள் காலைக் கூட்டத்தில் ஷப்ராஸ் முறைப்பாடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் அக்குறணைக்காரர், பிரிவுக்குத் தலைவர், எல்லாருக்கும் அண்ணன் மாதிரி, ஷப்ராஸ் நானா. பகிடி விடாமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார், ஆனால் வஞ்சகமில்லாத மனுஷன்.

“இது ஒண்டு ஈக்குது, கேளுங்கோ” என்று ஹொட்லைனில் பதிவான குரலைச் சத்தமாக வைத்தார்.

“வணக்கமுங்க. கழுதத் தோட்டத்துல இருக்கோமுங்க. எங்க பக்கம் அந்தி நேரத்துல போன் வேலையே செய்யுதில்லங்க. என் மகளுக்குக் கண்ணு மாத்தணும்னு ஆஸ்பத்திரியில பேரு எழுதியிருக்காங்க. செத்துப்போன யாராச்சும் குடுத்த கண்ணு வந்துச்சுன்னா ஒடனே கூப்புடுவாங்களாம், அப்பவே கெளம்பி வந்துறணுமாம். போனே அடிக்கலன்னா நாங்க என்னங்க செய்யிறது? கொஞ்சம் பாத்துக் குடுங்க, புண்ணியமாப் போகும்.”

தமிழ் தெரியாத நிலூஷாவுக்கும் மற்றவர்களுக்கும் நானா சிங்களத்தில் சொன்னது முதலில் இரண்டே சொல்: “பூரு வத்த!” கழுதைத் தோட்டம் என்று அர்த்தம். அறையே கொல்லென்று சிரித்தது. அதற்குப் பிறகுதான் கண் விஷயத்தைச் சொன்னார். சிரிப்பு நின்றது. நிலூஷா ‘அனே’ என்று இரக்கப்பட்டுவிட்டு உடனே பெயரைத் தேடினாள். பதிவேட்டில் தோட்டங்களுக்கெல்லாம் வெள்ளைக்காரன் வைத்த பெயர்தான் இருக்கும். கழுதையாவது தோட்டமாவது! முறைப்பாடு வந்த நம்பரோ பன்விலைக் கடைவீதியில் காசுக்குப் போன் பேசவிடும் ஒரு கொமினிகேஷன் கடையின் நம்பர். அங்கே சிக்னலுக்கு ஒரு குறையும் இல்லை.

“எங்க மச்சான் ஈக்குது இந்தத் தோட்டம்? ஒனக்குத் தெரியுமா?” என்று நானா திலீபனைக் கேட்டார்.

தெரியுமாவா? அவன் பிறந்த தோட்டம் அது. பர்ன்லீ எஸ்டேட், கீழ்ப்பிரிவு. அந்தக் காலத்தில் அரிசி மூட்டை சுமந்த கழுதைகளைக் கட்டிவைத்த இடம், அதனால் அந்தப் பெயர். அங்கே பிறந்து வளர்ந்த ஒருவருக்கும் அந்தப் பெயரைச் சொல்ல வெட்கமில்லை. திலீபனும் வெட்கப்படாமல்தான் சொன்னான், உயர்தரம் படிக்கக் கண்டிக்கு வந்த முதல் நாள், வகுப்பில் எழுந்து நின்று. அன்று பின்வாங்கிலிருந்து ஒருத்தன் கழுதை மாதிரிக் கத்தினான். அடுத்த இரண்டு வருஷமும் திலீபன் பெயர் கூப்பிடும்போதெல்லாம் எவனாவது கத்தினான். அதோடு அந்தப் பெயரை விழுங்கியவன்தான். பிறகு அம்மா பேச்சியம்மாவைக் கட்டுகஸ்தோட்டைக்குக் கூட்டிவந்து வாடகை வீட்டில் வைத்தான். யார் கேட்டாலும் ஊர் கட்டுகஸ்தோட்டை.

குரலும் தெரிந்தது. லயத்தில் எதிர்க் காம்பிராவில் குடியிருந்த கஜலட்சுமி அக்கா. அவன் உயர்தரப் பரீட்சை எழுதிய வருஷம் தோட்டத்தில் சிக்னல் கிடைத்த ஒரே இடம் காலையில் பேர் பதியும் மஸ்டர் மடுவத்துக்கு மேலே இருந்த பாறை. முடிவு வரும் அன்று அவன் காய்ச்சலில் கிடக்க, அக்கா தன் புருஷனுடைய போனை எடுத்துக்கொண்டு கொட்டுகிற மழையில் அந்தப் பாறையில் மூன்று மணி நேரம் நின்றாள். முடிவு வந்ததும் “திலீபா, மூணும் ஏ டா!” என்று லயம் முழுக்கக் கேட்கக் கத்திக்கொண்டு ஓடிவந்தாள். சறுக்கி விழுந்து முட்டி பெயர்ந்தது. போனை மட்டும் நனையவிடவில்லை.

இவ்வளவும் தெரிந்தவன் சொன்னான்: “தெரியாது நானா.”

வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? நாலு பேர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருந்தது, அவ்வளவுதான். ‘இடம் அடையாளம் காணப்படவில்லை’ என்று எழுதி நிலூஷா முறைப்பாட்டை மூடினாள்.

அன்றே சரிசெய்துவிடலாம் என்றுதான் திலீபன் நினைத்தான். அது அவனே சுருக்கிய கோபுரம், கதிரையை விட்டு எழும்பாமலே ஐந்து நிமிஷத்தில் திருப்பிவிடலாம். ஆனால் மாற்றம் செய்தால் காரணம் எழுத வேண்டும். என்ன காரணம் எழுதுவது? அந்த இடம் எனக்குத் தெரியும் என்றா? பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளினான். பெரஹரா வேலை தலைக்கு மேல் வந்தது. வாவியைச் சுற்றி லொறியில் ஏற்றிய தற்காலிகக் கோபுரங்களை நிறுத்த அலைந்தான். அதற்குள் ‘பூரு வத்த’ ஒபிஸில் ஒரு பழமொழி மாதிரியே ஆகிவிட்டது. இடம் புரியாத முறைப்பாடு எது வந்தாலும் ‘பூரு வத்த’. ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது, தெல்தெனியப் பக்கத்து முறைப்பாடு ஒன்றுக்கு, திலீபனே அதைச் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். சீ!

பெரஹரா முடிந்து நாலாம் நாள், கீழ்மாடிக் கவுண்டரிலிருந்து நானா அவனைக் கூப்பிட்டார். “மச்சான், பூரு வத்த ஆள் நேரிலயே வந்தீக்குது. ஓடி வா.”

கஜலட்சுமி அக்கா கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கொழுந்துக்கறை போகாத விரல்களில் ஒரு கிளினிக் கொப்பி. பக்கத்தில் மகள் கிருஷாந்தி, பதினேழு வயது, கறுப்புக் கண்ணாடி. தேயிலைக் குச்சி கீறி ஒரு கண் வெள்ளை விழுந்துபோயிற்று. மற்றக் கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது.

“பன்னெண்டாந் தேதி அந்திக்கு ஆஸ்பத்திரியில இருந்து மூணு தடவ கூப்புட்டிருக்காங்க” என்று அக்கா நானாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். “போன் என் மடியிலதாங்க இருந்துச்சு. அடிக்கவே இல்ல. நேத்து கிளினிக்குக்குப் போனப்பதான் நர்ஸ் மிஸ்ஸி சொன்னாங்க. கண்ணு வச்சிருந்து காத்திருக்க ஏலாதாம், அடுத்து இருந்தவங்களுக்குக் குடுத்துட்டாங்களாம். அவங்க மேல குத்தமில்லங்க. இனி எப்ப வருமோ தெரியாது. நான் சண்ட புடிக்க வரலங்க. அடுத்த தடவ கூப்புட்டாங்கன்னா அடிக்கணும், அது போதும்.”

நானாவின் முகத்தில் ஈயாடவில்லை. “இவர்தான் என்ஜினியர், இவரிட்டச் செல்லுங்கோ” என்று திலீபனைக் காட்டினார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததை அவன் கண்டான். “தி...” என்று வாயும் திறந்தது. அந்த நேரம் இந்த மடையன் என்ன செய்தான் தெரியுமா? பார்வையைத் தரையில் போட்டுக்கொண்டு, “உங்கள் முழுப் பெயரைச் சொல்லுங்கள்” என்றான், புத்தகத் தமிழில்.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. திறந்த வாய் மூடியது.

ஆனால் கிருஷாந்திக்குக் கண்தானே மங்கல், காது அல்லவே. லீவுக்கு வரும்போதெல்லாம் அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த குரல் அது. “அம்மா, இது நம்ம திலீபன் மாமா பேசுற மாதிரி இல்ல?” என்றாள், சந்தோஷமாக.

“இல்லம்மா” என்றாள் கஜலட்சுமி அக்கா. “இவரு பெரிய ஆபீசரு.”

பிறகு நானா இடத்தைக் கேட்டார். “சேருக்கெல்லாம் எப்புடிங்க தெரியும்? அது நாங்க சும்மா எங்களுக்குள்ள கூப்புடுற பேரு” என்று இவனுக்காகப் பூசி மெழுகினாள். எங்கேயோ கேட்டு வைத்திருந்த பர்ன்லீ என்ற பெயரையும் அவளே திக்கித் திக்கிச் சொன்னாள். திலீபன் எழுதிக்கொண்டான். அவள் திட்டியிருக்கலாம், காறித் துப்பியிருக்கலாம், அதைத் தாங்கியிருப்பான். அவன் மானத்தை அவள் காப்பாற்றினாள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மேலே வந்ததும் நானா கோபுரத்தைத் திறந்து பார்த்தார். ஜூன் மாத மாற்றத்துக்குப் பக்கத்தில் திலீபனின் பெயர். “இது நீ செஞ்சதுதானே மச்சான்? அப்ப எப்பிடித் தெரியாமப் போச்சு?”

“பர்ன்லீ தெரியும் நானா. கழுதத் தோட்டம்னு தெரியாது.” மூன்றாவது பொய் எவ்வளவு லேசாக வருகிறது!

ஏழைப் பதினான்காக்கினான். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. முறைப்பாட்டை மூடுவதற்கு முன்னால் நெரிசல் நேரத்தில் வாடிக்கையாளருக்கே எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். மறுநாள் அந்திக்கு, கொழுந்து நிறுத்து முடிந்து லயமெல்லாம் கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகளோடு பேசுகிற நேரத்தில், திலீபன் அக்கா கவுண்டரில் கொடுத்த நம்பரை அழுத்தினான். எல்லாருக்கும் கேட்க ஸ்பீக்கரில் போடச் சொன்னார் நானா.

அடித்தது. இரண்டாவது மணியிலேயே எடுத்தாள், பதறிப்போய். “ஹலோ! ஆஸ்பத்திரியிலருந்துங்களா? கண்ணு வந்துருச்சுங்களா?”

கம்பனிப் பெயரைச் சொல்லி, சேவை திருப்தியா என்று கேட்க வேண்டும். தாளில் அப்படித்தான் இருந்தது. நிலூஷா பார்த்துக்கொண்டிருந்தாள், நானா பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லக்கா. நான்... நான் திலீபன்க்கா. பேச்சியம்மா மகன். நம்ம கழுதத் தோட்டத்துத் திலீபன்.” கையிலிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தான். “அன்னைக்கே நீங்க பேசுனத நான் கேட்டேன்க்கா. இடம் எனக்குத் தெரியும். தெரியாதுன்னு சொல்லிட்டேன். கோபுரத்துல பேசுற எடத்தக் கொறச்சதும் நான்தான். என்ன மன்னிச்சிருங்கக்கா.”

நானா தலையைக் குனிந்துகொண்டார். யாரும் கழுதை மாதிரிக் கத்தவில்லை. கத்த மாட்டார்கள் என்று அவனுக்கு அன்றைக் கூட்டத்திலேயே தெரிந்திருக்கலாம்.

அந்தப் பக்கம் லயத்துச் சத்தம் கேட்டது. யாரோ பிள்ளையை அதட்டினார்கள், ஒரு நாய் குரைத்தது. எல்லாம் துல்லியமாக, ஒரு கரகரப்பும் இல்லாமல் கேட்டது. திட்டுவாள், இல்லையென்றால் ‘போடா’ என்று அழுவாள் என்று திலீபன் காத்திருந்தான். ஒரு ‘டா’ வந்தால் போதும் என்று இருந்தது.

“இப்ப நல்லா கேக்குதுங்க சேர்” என்றாள் கஜலட்சுமி அக்கா. “ஆஸ்பத்திரியில இருந்து எடுப்பாங்க, நான் வச்சிர்றேனுங்க.”