கொடுவா டை

கழுத்தில் கட்டுகிற எதுவுமே கொஞ்சம் சுருக்குக் கயிறுதான். டை தைத்துப் பிழைக்கிற நானே இதைச் சொல்கிறேன். என் தம்பி நூகு, தன் நிக்காஹ் அன்று, நான் தைத்த டையாலேயே சாகப் பார்த்தான். இறுக்கியது என் புருஷன் நசீம்.

நான் தைப்பது ஆபீஸ் டை இல்லை. இறால், முருங்கைக்காய், வாழைப்பூ, பாதி கடித்த முறுக்கு, எந்த உருவம் கேட்டாலும் கழுத்தில் தொங்கவிடுவேன். பாரிஸில் இருக்கும் காரைக்கால் பிள்ளைகளும் துபாய்க்காரர்களும் வாட்ஸப்பில் படம் அனுப்பி வாங்குகிறார்கள். சிரிப்புச் சாமான்தான். ஆனால் அவர்களைச் சிரிக்கவைக்க எனக்கு இடுப்பு ஒடிகிறது. டைத் துணியைக் குறுக்கு வாட்டத்தில் வெட்டினால்தான் முடிச்சு அழகாக விழும். அப்படி வெட்டினாலோ உருவம் நிற்காது, இறால் மீசை கொஞ்ச நேரத்தில் தொங்கிவிடும். கேன்வாஸ் கொடுத்துப் பார்த்தேன், அட்டை மாதிரி விறைத்தது. கடைசியில் மீன்பிடி வலைக்கு வாங்கும் தங்கூஸ் நரம்பை ஓரத்து மடிப்புக்குள் ஓடவிட்டேன். உருவம் கசங்கினாலும் தானாக நிமிர்ந்துகொண்டது. கழுத்துக்கு மட்டும் எலாஸ்டிக்கும் பின்னால் ஒரு பிரஸ் பட்டனும் வைப்பேன். விளையாட்டாக யாராவது இழுத்தால் கையோடு வந்துவிடும்.

நூகுவுக்கு அது ஆகவில்லை. "எலாஸ்டிக்லாம் எல்.கே.ஜி. பிள்ளைக்கு லாத்தா. எனக்கு முடிச்சுப் போட்டுக் கட்டுற மாதிரி தச்சுக் குடு" என்றான்.

கொடுவா மீன் வரைந்தேன். வால் கழுத்தில் முடிச்சாக வரும், உடம்பு நெஞ்சில் அகலும், தொப்புளுக்கு மேலே வாய் திறந்திருக்கும். வால் துள்ளி நிற்க வேண்டுமே என்று கழுத்தைச் சுற்றியும் தங்கூஸை இரட்டையாக ஓடவிட்டேன். நன்றாக வந்திருந்தது. எனக்குப் பெருமைதான்.

எங்களில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர வேண்டும். வாப்பாவும் உம்மாவும் மௌத்தான பிறகு இந்த வீடு என்னுடையது. நசீம் இங்கே வந்தவர், நூகு அன்று பொண்டாட்டி வீட்டுக்குக் கிளம்புகிறவன். ஜித்தாவிலிருந்து ஒரேயடியாகத் திரும்பிய நசீம் வேலை எதுவும் தேடவில்லை. கை மட்டும் என் மேல் ஓங்கிக்கொண்டே இருந்தது. அவர் என்னை அடிக்கும்போது நூகு டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அஸர் தொழுகைக்குப் பிறகு தையல் அறையில் நூகு கோட்டு சூட்டோடு கண்ணாடி முன் நின்றான். வாசலில் பூ ஜோடித்த கார் நின்றது, கூட்டாளிகள் வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள். நசீம் உள்ளே வந்து அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னடா, மீன் மார்க்கெட்டுக்குக் கிளம்பிட்டியா?"

"கிளம்பிட்டேன் மச்சான். போற வீட்டுல சும்மா குந்தித் திங்க மாட்டேன், அது மட்டும் நிச்சயம்."

கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நசீம் அவனைத் திருப்பி அலமாரியோடு சாத்தினார். ஒரு கையால் முடிச்சைத் தொண்டைக் குழியில் அழுத்தி, மீனுக்குப் பின்னால் தொங்கிய சின்ன முனையை மறு கையில் சுற்றி இழுத்தார். டை கட்டத் தெரிந்த ஆள், எங்கே இழுத்தால் இறுகும் என்று அவருக்குத் தெரியும். நூகு அவர் முகத்தைப் பிறாண்டினான். அவர் முழங்காலால் அவன் வயிற்றில் இடித்தார், இன்னும் இழுத்தார். தம்பியின் முகம் கறுத்து, நாக்கு வெளியே வந்தது.

நான் பின்னாலிருந்து நசீம் தலைமுடியைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் வாயில் இடித்தார். ஒரு பல் நாக்கின் மேல் கழன்று விழுந்தது. வெளியே போட்ட வெடியில் என் கத்தல் யாருக்கும் கேட்கவில்லை.

மேஜையிலிருந்த பெரிய கத்திரியை எடுத்தேன். நூகுவின் பிடரியில் டையைக் கவ்வி வெட்டினேன். பட்டு கிழிந்தது, தங்கூஸ் நழுவியது. மறுபடி வெட்டினேன், மறுபடி நழுவியது. துணி விலகியதும் நரம்பு நேராகச் சதையில் பதிந்து, தம்பியின் கழுத்தில் ரத்தம் கோடாக வந்தது. நான் ஓடவிட்ட நரம்பு. சதையில் பதிந்த பிறகு இதை அறுக்க முடியாது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்.

அதனால் கையைக் குத்தினேன். கத்திரி நசீமின் புறங்கையில் இறங்கி உள்ளங்கையில் முனை தெரிந்தது. பிடி விடவில்லை. உருவி இன்னொரு தடவை குத்தினேன், எலும்பில் உரசியது. விரல்கள் விரிந்தன. அவர் கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து மாடு மாதிரி கத்தினார். நான் முடிச்சுக்குள் கோணி ஊசியை விட்டு நெம்பி எடுத்தேன். நூகு ஒரு மூச்சு இழுத்தான், பிறகு என் மடியில் வாந்தி எடுத்தான். அல்ஹம்துலில்லாஹ் என்று அவன் தலையைக் கட்டிக்கொண்டேன்.

தட்டுத் தடுமாறி எழுந்து நின்றவன் என் கன்னத்தில் ஓங்கி அறைந்தான்.

"புருஷன்னு பாக்காம குத்துவியா? மச்சான் கையப் பாரு" என்றான், காற்றுப் போன குரலில்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வாயில் இருந்த ரத்தத்தை அவன் வெள்ளைச் சட்டையில் துப்பினேன்.

"ரெண்டு பேரும் வெளிய போங்க."

நூகு வேறு சட்டை மாட்டி, மேல் பட்டன் வரை போட்டுக்கொண்டு, காரில் ஏறிப் போனான். நசீம் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் நிக்காஹுக்குப் போகவில்லை. தரையைக் கழுவினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நசீம் தன் உம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார். அது இப்போது அவர் தங்கச்சி மஹ்பூபாவின் வீடு. அவள் சோறு போட்டாள், பாய் போடவில்லை. பிறகு என் வாசலில் வந்து நின்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கதவைத் திறக்கவில்லை.

அந்த வாரமே நூகு அவரைக் கூட்டிக்கொண்டு பஞ்சாயத்துக்கு வந்தான். கழுத்துக் காயத்தின் மேல் கைக்குட்டை கட்டியிருந்தான். நான் கதவைப் பாதி திறந்து நின்றேன்.

"நடந்தது நடந்து போச்சு லாத்தா. ஏதோ கோவம். மச்சானை உள்ள விடு. அவரு எங்க போவாரு?"

"உன் பொண்டாட்டி வீட்டுல கொண்டு போய் வெச்சுக்கயேன்."

அவன் நசீமைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அதெப்படி லாத்தா? அது அவ வீடு. அவ சம்மதிக்கணும்ல."

"இது யாரு வீடு?" என்று கேட்டேன்.

அவன் கழுத்துக் கைக்குட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். நசீம்தான் முதலில் படியிறங்கினார்.