ஒரே பெட்டியில் வந்தவை

அரவேணுவைத் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்னத் தேயிலை எஸ்டேட். அதன் சொந்தக்காரர் தேவநேசனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. மற்ற எஸ்டேட்காரர்கள் நாய் வளர்த்தார்கள், ஊட்டிக்குக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போனார்கள். இவர் ஒயின் பாட்டில்களைப் படுக்கப் போட்டுவிட்டு, அவற்றுக்கு வயதாவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் பியூலா பிறந்த வருஷத்துத் திராட்சையில் செய்த பிரெஞ்சு சிவப்பு ஒயின் அது. கொச்சியில் அவரிடம் தேயிலை வாங்கிக் கப்பலேற்றும் வியாபாரி ஒருவர் இரண்டு பெட்டி தருவித்துக் கொடுத்தார். பங்களாவுக்குப் பின்னால் மலைச்சரிவைக் குடைந்து கட்டிய அறை ஒன்று இருந்தது. முன்பு விதை உருளைக்கிழங்கு போட்டு வைத்த இடம். சித்திரை வெயிலிலும் உள்ளே போனால் காது சில்லிட்டுவிடும். அங்கேதான் பாட்டில்கள் கிடந்தன.

"பியூலா கல்யாணத்தன்னைக்கு எடுக்கறதுக்கு" என்று சொல்லி வைத்தார். ஆனால் மனசு கேட்காது. சில வருஷங்களுக்கு ஒரு தடவை ஒன்றைத் திறந்து பார்ப்பார். சர்ச்சில் திருவிருந்தின்போது உதடு நனைப்பதைத் தவிர வேறு பழக்கமில்லாத மனைவி சுகுணாவுக்கும் ஒரு மடக்கு கொடுப்பார்.

முதல் பாட்டில் சுகுணாவின் நாக்கை அப்படியே இழுத்துப் பிடித்தது. டீத்தூளை வாயில் போட்டு மென்ற மாதிரி இருந்தது. அடுத்த தடவை திறந்ததில் வாசனையும் இல்லை, ருசியும் இல்லை.

"கெட்டுப் போச்சுங்க" என்றாள்.

"கெடலை. வாயை மூடிக்கிட்டிருக்குது. உம்பொண்ணு இப்ப ரூம் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே கிடக்கறாளே, அப்படி. தானா வெளிய வரும்."

வெளியே வரத்தான் செய்தது. பியூலா காலேஜ் முடித்த வருஷம் ஒரே நாளில் இரண்டைத் திறந்தார். நாவற்பழ நிறம் போய் ஓரத்தில் செங்கல் நிறம் ஏறியிருந்தது. ஒரு பாட்டிலில் பழுத்த பழமும், மழை நின்றபின் சோலைக்குள்ளிருந்து வரும் மக்கிய இலை வாசனையும். சுகுணாவே இரண்டாவது மடக்கு கேட்டாள். மற்றதில் ஒன்றுமில்லை, சாயத்தண்ணி.

"ரெண்டும் ஒரே பெட்டிதான், ஒரே ரூம்தான்" என்றார் தேவநேசன். "தக்கை வழியா உள்ளே போற காத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு மாதிரி. வயசாக வயசாக ஒண்ணுக்கு ஒண்ணு சம்பந்தமே இல்லாம போயிரும். திறந்தாத்தான் தெரியும்." சுகுணா பட்டாணி உரித்துக்கொண்டே பாதிக் காதில் அதைக் கேட்டுக்கொண்டாள்.

பிறகு தேயிலை விலை விழுந்தது. ஏலத்துக்குப் போன தூள் கேட்பாரில்லாமல் திரும்பி வந்தது. கொழுந்து பறித்தால் பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று எங்கே பார்த்தாலும் செடியை அப்படியே விட்டார்கள். இடுப்பளவு நிற்க வேண்டிய செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து பூத்தது. தொழிலாளர்களின் லயன் வீடுகளில் பாதிப் பேர் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூருக்கு இறங்கிவிட்டார்கள். தேவநேசன் முடிந்த மட்டும் இழுத்துப் பார்த்தார். ஒரு நாள் காலையில் மிச்சமிருந்த ஆட்களை ஃபேக்டரி வாசலில் கூப்பிட்டு நிறுத்தி, "நாளையிலிருந்து..." என்று ஆரம்பித்தார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. கொழுந்து நிறுக்கிற தராசைப் பிடித்துக்கொண்டே சரிந்தார்.

குன்னூர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வலது கையும் காலும் விளங்கவில்லை. பேச்சும் போய்விட்டது, ஒரு வார்த்தையைத் தவிர.

"இரு."

"நாம சொல்றது அத்தனையும் அவருக்குப் புரியும்மா" என்றார் டாக்டர். "திருப்பிச் சொல்ல வார்த்தைதான் வராது. எதைச் சொல்ல நினைச்சாலும் இந்த ஒண்ணுதான் வரும்."

முதல் சில வாரம் அவர் "இரு" என்றால் சுகுணா நின்றாள். போகப் போகத் தெரிந்தது, கஞ்சிக்கும் அதுதான், குளிக்கவும் அதுதான், குரங்கு கூரைமேல் குதித்தாலும் அதுதான். அப்புறம் அவள் அதைக் கடிகாரச் சத்தம் போல எடுத்துக்கொண்டாள். வேறென்ன செய்வது.

பியூலாவின் கல்யாணம் அவர் விழுவதற்கு முன்பே நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஜெயசீலன், பாண்டிச்சேரி. அவனுடைய பெரியப்பா முப்பது வருஷம் பிரான்சில் இருந்து திரும்பியவர். "நம்ம ஒயினைப் புரிஞ்சு குடிக்க ஒரு மனுஷன் வர்றாரு" என்று தேவநேசன் நிச்சயத்தன்று குழந்தை மாதிரி சிரித்திருந்தார். தள்ளி வைக்கலாம் என்றாள் பியூலா. அப்பா கண்ணெதிரே நடக்கட்டும் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு சாயங்காலம் சுகுணா அவரைச் சக்கர நாற்காலியில் சாப்பாட்டு அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். ஒரு பாட்டிலைத் திறந்து ஊற்றி அவருடைய இடது கையில் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை. மூக்கைக் கிளாசுக்குள் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். முகத்தின் நல்ல பாதி மலர்ந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"நல்லாருக்குதுங்களா?"

"இரு" என்றார், மெதுவாக.

சுகுணாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எல்லாம் போன வீட்டில் இது ஒன்றாவது தங்கியதே என்று நினைத்தாள். மிச்சமிருப்பதும் இப்படித்தான் இருக்கும் என்றும் நினைத்துக்கொண்டாள்.

குன்னூர் சர்ச்சில் கல்யாணம் முடிந்து பங்களாப் புல்வெளியில் பகல் விருந்து. சமையல்காரர் முன்பே நின்றுவிட்டதால், ஃபேக்டரியில் கிளார்க்காக இருந்த நெல்சன் ஓடியாடிக்கொண்டிருந்தான். கிழங்கு அறையிலிருந்து பாட்டில்களையெல்லாம் கூடையில் குலுங்கக் குலுங்கக் கொண்டுவந்து அடுப்படி மேஜைமேல் அடுக்கினான். தேவநேசனின் நாற்காலியை வெயில் படாமல் அடுப்படி வாசலில் நிறுத்தியிருந்தார்கள்.

தக்கைகள் நொறுங்கி வந்தன. அடியில் படிந்திருந்த மண்டி கலங்கி மேலே வந்தது. பட்டுப்புடவையோடு வந்த சுகுணா முதல் பாட்டிலை முகர்ந்தாள். நன்றாக இருந்தது. இரண்டாவது, நனைந்து மக்கிய அட்டைப்பெட்டி நாற்றம். அடுத்தது சுருக்கென்று மூக்கில் ஏறியது. அதற்கடுத்தது பரவாயில்லை. இன்னொன்று பழுப்பேறி, வாசனையே இல்லாமல் கிடந்தது. மறுபடி மறுபடி முகர்ந்ததில் எது நல்லது எது கெட்டது என்பதே அவளுக்குக் குழம்பிவிட்டது. வெளியே மாப்பிள்ளையின் அப்பா மைக்கில், பெண்ணின் வயதுள்ள ஒயின் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கைதட்டல் கேட்டது.

"அம்மா" என்றான் நெல்சன், "நம்ம டீத்தூள் மாதிரி பண்ணிரலாங்களா? நல்லதையும் சுமாரையும் ஒண்ணாக் கலந்துட்டா ஒரே மட்டத்துக்கு வந்துருமுங்க."

அவளுக்கு அது சரியாகவே பட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்த்தது அதுதானே. மழைக்காலத்துத் தூளோடு பனிக்காலத்துத் தூளைக் கலந்துதான் வீட்டில் எத்தனையோ வருஷம் அடுப்பு எரிந்தது. பெரிய கண்ணாடி ஜாடியை எடுத்து வைத்தாள். நெல்சன் முதல் பாட்டிலைக் கவிழ்த்தான்.

"இரு" என்றார் தேவநேசன்.

"இதா, ஆச்சுங்க."

அடுத்த பாட்டில்.

"இரு! இரு!" இடது கை நாற்காலியின் கட்டையில் பட்பட்டென்று அடித்தது.

"பசிக்குதுங்களா? ஒரு நிமிஷம் பொறுத்துக்குங்க, கறி வந்துரும்."

அவர் எழப் பார்த்தார். உடம்பு வரவில்லை. கழுத்து நரம்பு புடைக்க அந்த ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். வெளியே இருந்து யாரோ எட்டிப் பார்த்து, "ஐயாவுக்கு ஏதோ செய்யுது போல, உள்ளே கூட்டிட்டுப் போய்ப் படுக்க வைங்க" என்றார்கள். நெல்சனின் கை நிற்கவில்லை. கடைசிப் பாட்டிலும் உள்ளே போனது. ஜாடியிலிருந்து புளித்த காடி வாசனை எழுந்து அடுப்படி முழுக்கப் பரவியது. நல்லதாக இருந்த பாட்டிலின் மணம் அதற்குள் எங்கே போனது என்றே தெரியவில்லை.

தேவநேசனின் கை அடிப்பதை நிறுத்தியது. சுகுணா திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தத் தடவை அவர் நிஜமாகவே 'இரு' என்றுதான் சொல்லியிருக்கிறார்.

அவர் முன்னால் குனிந்தாள். "என்னங்க பண்ணட்டும்? இதையே குடுக்கறதா? கொட்டிறட்டுமா? சொல்லுங்க."

"இரு."

"எதுக்கு இருக்கட்டும்? கையையாவது ஆட்டுங்களேன்."

இடது கை எழுந்து, எந்தப் பக்கமும் போகாமல் நடுவில் நின்றுவிட்டு இறங்கியது. போதகர் வாசலில் வந்து நின்று, "அம்மா, எல்லாரும் காத்திருக்காங்க" என்றார். நெல்சன் ஜாடியைத் தூக்கினான். அவள் தடுக்கவில்லை.

எல்லாரும் எழுந்து கிளாசை உயர்த்தினார்கள். வாயில் வைத்ததும் முகங்கள் மாறின. யாரோ ஒருவர், "எஸ்டேட்ல இப்ப வினிகர் போடறாங்களா?" என்றார். பக்கத்திலிருந்தவர் அவரை முழங்கையால் இடித்தார். பிரான்சுப் பெரியப்பா முகர்ந்தார், உதட்டை நனைத்தார், சத்தமில்லாமல் கிளாசைப் பூஞ்சாடிக்குப் பின்னால் வைத்தார். பிறகு சுகுணாவிடம் வந்து, "வயசான ஒயின் இப்படித்தாம்மா. யார் கையிலயும் இல்லை" என்றார். நல்ல மனுஷர். அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தாங்கியிருக்கும்.

பியூலா மட்டும் தன் கிளாசை ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தாள். இருமிக்கொண்டே, வெள்ளைப் புடவை தரையில் புரள அப்பாவின் முன்னால் மண்டியிட்டாள்.

"நல்லாருந்துச்சுப்பா."

மட்டமான டீயை யாராவது நன்றாக இருக்கிறது என்றால், அது தன் டீயாகவே இருந்தாலும் விடமாட்டார் தேவநேசன். அவர் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, அந்த ஒரு வார்த்தையைக்கூட. மஞ்சு மூடிப் பாதை மறையுமுன் மலை இறங்க வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டு டிரைவர் ஹாரன் அடித்தான்.

பனி ஆரம்பிக்கையில் எஸ்டேட் கைமாறியது. கோயமுத்தூரில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிபோனார்கள். அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு படப்பலகை தந்தாள். தண்ணீர், சாப்பாடு, கழிவறை, தூக்கம், வலி என்று படங்கள். தேவநேசன் சீக்கிரமே பழகிக்கொண்டார். தாகமெடுத்தால் விரல் சரியாகத் தண்ணீர்ப் படத்துக்குப் போகும்.

ஒரு மத்தியானம் சுகுணா பலகையை அவர் மடியில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"கல்யாணத்தன்னைக்கு நான் என்ன பண்ணியிருக்கணுமுங்க?"

அவர் விரல் படங்களின்மேல் மெதுவாக நகர்ந்தது. தண்ணீரைத் தாண்டி, சாப்பாட்டைத் தாண்டி, வலியின் மேல் கொஞ்சம் தயங்கி, அதையும் தாண்டியது. பலகையின் விளிம்பு வரை போய், அதற்கு மேல் போக இடமில்லாமல் நின்றது. சுகுணா அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இருவருக்கும் வியர்த்தது.