தங்கச்சாமி இருக்கும் இடம்

என் கணவர் ஜெபக்குமார் தன் தாத்தாவைப் பார்த்ததில்லை. அவருடைய அப்பாவும் பார்த்ததில்லை. அந்த அப்பா பிறப்பதற்கு முன்பே தாத்தா இறந்துவிட்டாராம். போட்டோ கிடையாது. மின்வாரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இவர் அந்தத் தாத்தாவைத் தேட ஆரம்பித்தார். கிடைத்தது கொஞ்சம்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச்சின் ஞானஸ்நானப் பதிவேட்டில் தங்கச்சாமி, தகப்பன் தொழில் கூலி. கல்யாணப் பதிவில் பெயருக்கு நேரே கைநாட்டு. ராஜபாளையத்தில் ஒரு மில்லின் பழைய காகிதங்களில் இரண்டு வருடம் அவர் பெயர் வருகிறது, அடுத்த வருடம் இல்லை. அடக்கப் பதிவில் காய்ச்சல் என்று ஒரே ஒரு சொல்.

"இம்புட்டுதானா ஒரு மனுசன்?" என்று கேட்டேன்.

"மிச்சத்தை அவர்கிட்டயே படுத்துக் கேட்டுக்கிடுதேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ஆஸ்பத்திரியில் கடைசியாக என்னிடம் கேட்டதும் அதுதான்: தாத்தா குழியிலேயே வைக்க வேண்டும். எங்களில் அது வழக்கம். பழைய குழியைத் திறந்து, எலும்புகளை மூட்டையாகக் கட்டி, புதிதாகப் போகிறவர் காலடியில் வைத்து மூடுவார்கள்.

அந்தக் கல்லறையில் பெயர் இல்லை. சுண்ணாம்பு அடித்த மேடு, தலைமாட்டில் சிமெண்ட் சிலுவை. இவருடைய அப்பா கைபிடித்துக் கூட்டிப்போய்க் காட்டிய இடம். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் மெழுகுவர்த்தியும் செவந்திப்பூவும் வாங்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறுவோம்.

இவர் இறந்த மறுநாள் சாயங்காலம் அடக்கம். காலையிலேயே என் கொழுந்தன் ஞானதுரை குழி வெட்டப் போயிருந்தார். நான் ராஜபாளையத்து வீட்டில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தேன். மத்தியானத்துக்கு முன்பே அவர் திரும்பி வந்து என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார். கைக்குட்டையை விரித்தார். உள்ளே மண் ஒட்டிய கண்ணாடி வளையல் துண்டுகள். பச்சை.

"கை எலும்புகிட்ட கெடந்துச்சு மதினி. உள்ள இருக்கது பொம்பள ஆளு."

"அது எப்படி தம்பி?"

"குழி வெட்டுற முத்துப்பாண்டி சொல்லுதாரு, அந்தக் காலத்துல எல்லாம் மரச்சிலுவைதானாம். திருநாளுக்குப் புல்லு வெட்டும்போது மொத்தத்தையும் புடுங்கி ஓரமாப் போட்டிருவாவளாம். பொறவு அவியவிய வந்து குத்துமதிப்பா நட்டுட்டுப் போவாவளாம். நம்ம வீட்டுலயும் அப்படித்தான் நட்டிருக்காவ, பொறவு அந்த எடத்துலயே சிமெண்டுல வச்சிட்டாவ."

"அப்ப தாத்தா எங்க?"

"அதைத்தான் நானும் கேட்டேன். கையை நீட்டி, அந்தச் சுவருலேருந்து இந்தப் புளியமரம் வரைக்கும்னு காட்டுதாரு. 'எல்லாத்தையும் தோண்டிப் பாப்பமா தொரை?'ன்னு எளக்காரம் வேற."

கைக்குட்டையை மடித்தார். பிறகு, "வேற இடத்துல வெட்டச் சொல்லட்டா மதினி? நீங்க சொன்னாச் சரி," என்றார்.

எந்த இடத்தைச் சொல்வது? முன்னறையில் பெண்கள் பாட்டு ஆரம்பித்திருந்தார்கள்.

"வெட்டுனதுலயே வச்சிருவோம்," என்றேன்.

வைத்தோம். அந்த அம்மாளின் மூட்டை இவர் காலடியில் போனது. வளையல் துண்டுகளையும் அதிலேயே போடச் சொன்னேன்.

அடுத்த வாரம் கோயில்பிள்ளையைப் பார்க்கப் போனேன். சர்ச் கட்டடத்தையும் அடக்கப் பதிவேட்டையும் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். குழி திறக்க அனுமதி கேட்ட அன்றே எழுதிவிட்டிருந்தார்: ஜெபக்குமார், பாட்டனார் தங்கச்சாமியின் கல்லறையில்.

"இது தப்பு அண்ணாச்சி. மாத்தணும். நாளைக்கு எங்க பிள்ளைக யாராவது இவரை மாதிரித் தேடி வந்தா இதைத்தான் நம்புவாவ."

அவர் மறுப்புச் சொல்லவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"மாத்திருவோம்மா. தங்கச்சாமி இல்லேன்னா, யாரு கல்லறைன்னு எழுதட்டும்?"

பேனா தாளுக்கு மேலே காத்திருந்தது.

"யோசிச்சுட்டு வாங்க," என்று மூடி போட்டு வைத்தார்.

வரி இன்னும் அப்படியே இருக்கிறது. போன கல்லறைத் திருநாளுக்கு மூன்று மெழுகுவர்த்தி வாங்கிப் போனேன். தலைமாட்டில் ஒன்று, காலடியில் ஒன்று ஏற்றினேன். மூன்றாவதோடு சுவருக்கும் புளியமரத்துக்கும் நடுவே நடந்து பார்த்துவிட்டு, அதைப் பையிலேயே போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.