நாவலேரிக்குத் தேதி குறிப்பதில்லை

1

அப்துல் பாசித்தின் தார்ப்பாய்க் கடையில் எதைப் பற்றியும் கேட்கலாம். நாவலேரிக்கு எப்போது போகிறீர்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது. இப்படி ஒரு விதி இருப்பதாக யாரும் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோரும் கடைப்பிடித்தார்கள்.

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சென்ற ஐப்பசியில், ஒழுகும் கூரையிலிருந்து என் ஆய்வுக் குறிப்புகளைக் காப்பாற்றத் தார்ப்பாய் வாங்க உத்திரமேரூர் கடைத்தெருவுக்குப் போனேன். சுருள்களுக்கு நடுவே இரண்டு பேர் உட்கார்ந்து, ஒரு காட்டு ஏரிக்கரையில் கூடாரம் போட்டு இரண்டு நாள் தங்க எத்தனை படி அரிசி வேண்டும் என்று வழக்காடிக்கொண்டிருந்தார்கள். பாயை வாங்கிய பிறகும் நான் நின்றேன். அவர்கள் என்னை உட்காரச் சொல்லவில்லை. இக்கதை அங்கேதான் தொடங்கியது.

(ஏரியின் பெயரை மாற்றியிருக்கிறேன். வனத்துறை கூடாரத்துக்கு அனுமதி தருகிற இடம், வண்டியில் இரண்டரை மணி நேரம். இவ்வளவு தெரிந்தால் போதும்.)

2

முதல் தொடக்கம்: "மாலைச் சூரியன் நீர்ப்பரப்பின் மேல்—" வேண்டாம். இவர்களில் எவரும் சூரியனைப் பார்த்து நின்றவர்கள் அல்லர்.

இரண்டாம் தொடக்கம்: "நட்பை ஒரு பிரதியாகக் கொண்டால், அதன் வாசகன்—" இது என் ஆய்வேட்டின் வாக்கியம், வழிதவறி இங்கே வந்துவிட்டது.

மூன்றாவது இது. ஆறு ஆண்டுகளாக, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்தோறும், சாலவாக்கத்தில் நெல் பயிரிடும் ராஜாராம் தன் வண்டியை பாசித்தின் கடை முன்னால் நிறுத்துவான். பாசித் ஷட்டரைப் பாதி இறக்குவான். பிறகு நாவலேரி தொடங்கும்.

"கொசுவத்தி நாலு பாக்கெட் வச்சிக்கலாம் பாய்."

"நாலா? காட்டையே கொளுத்தப் போறியா இன்னா?"

"அதுவும் சரிதான். நீ கொறட்ட வுட்டாலே கொசு ஊர வுட்டு ஓடிடும்."

கடைக்குப் பின்னாலேயே வீடு. டீ கொண்டுவரும் வகிதா, பாசித்தின் மனைவி, தவறாமல் ஒரு குத்து வைப்பாள்: "இன்னும் அரிசியே அளந்து முடியலியா? நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள அந்த ஏரி வத்திடும்." அவளும்கூட 'எப்போது' என்று கேட்டதில்லை.

ஏன் என்று நான் நெடுநாள் யோசித்தேன். தேதி என்று ஒன்று வந்தால் நடவு குறுக்கே வரும், கடை குறுக்கே வரும், யாராவது ஒருவர் 'முடியாது' என்று சொல்லவேண்டி வரும். தேதியில்லாத பயணத்தில் எவரும் விட்டுப்போவதில்லை. பாசித்துக்கு அந்த ஏரியில் தன் இடம் எதுவென்று நிச்சயமாகத் தெரியும்: ராஜாராமுக்குப் பக்கத்தில்.

3

ஆல்பர்ட் என்ற பாத்திரத்தில் எனக்கு ஐயம் உண்டு. அவனை எழுதும்போதெல்லாம் கெட்டவனாக வந்து நிற்கிறான். முதல் வரைவில் பிறர் பேச்சில் குறுக்கிட்டான். இரண்டாவதில் அவனுக்கு மெல்லிய மீசையும் நமட்டுச் சிரிப்பும் கொடுத்திருந்தேன். இரண்டையும் அடித்துவிட்டேன், ஏனெனில் ஆல்பர்ட் நல்லவன். டிராக்டர் மெக்கானிக். கார்த்திகையில், உழவின் நடுவே நின்றுபோன ராஜாராமின் டிராக்டரைச் சரிசெய்ய வந்தவன், அடுத்த ஞாயிறு அவனோடு கடைக்கும் வந்தான். அதற்கடுத்த ஞாயிறு, ஆன்லைனில் வாங்கிய பச்சைக் கூடாரம் ஒன்றைக் கடைக்குள்ளேயே விரித்துக் காட்டினான். அது குடைபோல் படாரென்று விரிந்தது.

"பாத்தியா பாய்! கம்பும் வேணாம், கயிறும் வேணாம்!" ராஜாராம் உள்ளே புகுந்து தலையை மட்டும் நீட்டினான்.

ஆறு ஆண்டுகளாக அவர்களுடைய கூடாரம், பாசித் தன் கடையிலிருந்து வெட்டவிருந்த பதினெட்டடி நீலத் தார்ப்பாய்.

"சோக்கா கீது," என்றான் பாசித். "எத்தினி பேரு படுக்கலாம்?"

"ரெண்டு பேரு தாராளமா படுக்கலாம் பாய்," என்றான் ஆல்பர்ட்.

அவன் கூடாரத்தின் அளவைத்தான் சொன்னான். பாசித் அந்த 'ரெண்டு பேரை' ஒரு வாரம் நெஞ்சில் சுமந்து திரிந்தான். வாடிக்கையாளர்களுக்குப் பாயைக் கோணலாக வெட்டிக் கொடுத்தான்.*

* கதைசொல்லி பாசித்தின் பக்கம் சாய்கிறார் என்று விமர்சகர் எழுதலாம். மறுக்கமாட்டேன். கடைக்குள் ஆல்பர்ட்டுக்கு இரண்டே வாரத்தில் ஒரு ஸ்டூல் கிடைத்தது. நான் இதுவரை மூன்று தார்ப்பாயும் தேவையேயில்லாத ஒரு கட்டு நைலான் கயிறும் வாங்கியிருக்கிறேன். இன்னும் வாசலில்தான் நிற்கிறேன்.

4

மாசியில் ஒரு ஞாயிறு. பேச்சு தண்ணீருக்கு வந்தது.

"கேன் தண்ணி எடுத்துக்கினு போயிடணும் பாய்," என்றான் ராஜாராம். "அங்க வனத்துறை கேட்டாண்ட கீற அடிபம்புல துரு நாத்தம். டீ போட்டா மை மாதிரி கருத்துப் பூடுது."

பாசித் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தான். ஆறு ஆண்டுத் திட்டத்தில் மரங்கள் இருந்தன, படகு இருந்தது, குரங்குத் தொல்லைகூட இருந்தது. அடிபம்பு இருந்ததில்லை. கருத்துப்போன டீயை எவனும் கற்பனையில் குடிப்பதில்லை.

"யாரு சொன்னா?"

ராஜாராம் தரையைப் பார்த்தான். ஆல்பர்ட்தான் பேசினான்: "பொங்கல் லீவுல போனோம் பாய். ஒரே ஒரு நாளு. அண்ணன் உங்களாண்ட சொல்லியிருக்கும்னு நெனச்சேன்."

"டிராக்டர் சாமான் வாங்கப் போனோம் பாய்," என்றான் ராஜாராம். "வழியிலதான் கீது, அப்பிடியே... நீ கடைய வுட்டு வரமாட்டன்னு..."

"கேட்டியா நீ?"

 ராஜாராம் கேட்டிருக்க வேண்டுமென்றால், ஆறு ஆண்டுகளாக எவரும் கேட்காத அந்த ஒன்றைக் கேட்டிருக்க வேண்டும்.

5

முடிவு அ: பாசித் தார்ப்பாய் வெட்டும் கத்தியால் பச்சைக் கூடாரத்தைக் கிழிக்கிறான். இதை மிகுந்த மகிழ்ச்சியோடு எழுதினேன். அந்த மகிழ்ச்சி பாசித்தினுடையதல்ல, என்னுடையது என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டேன்.

முடிவு ஆ: சிரித்து மழுப்பிவிட்டு, அடுத்த ஞாயிறு மூவரும் அரிசி அளவுக்குத் திரும்புகிறார்கள். வடிவம் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் பாசித் இனி எதைத் திட்டமிடுவான்? அவன் நினைத்துப் பார்க்கும் ஒவ்வொரு மரத்தடியிலும் வேறிருவர் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டார்கள்.

முடிவு இ: பாசித் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு—

(இதுவும் வேண்டாம். தனியாகப் போவதற்கு அவனுக்கு ஏரி எதற்கு?)

ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. ராஜாராம் என்ன சொல்வான், ஆல்பர்ட் அந்த ஸ்டூலில் இருப்பானா என்பதையெல்லாம், அவனை என்னைவிட நடுநிலையோடு பார்க்கக்கூடிய நீங்களே தீர்மானியுங்கள். அதற்கு முந்தைய கணத்தை மட்டும் தருகிறேன்.

ஆல்பர்ட் எழுந்து வெளியே போகப் பார்த்தான்.

"குந்து," என்றான் பாசித். அப்புறம் ராஜாராமிடம் திரும்பினான். "எனக்கு வயிறு எரியுதுடா ராஜா. இவன் மேல இல்ல. அந்த நாத்தம் புடிச்ச தண்ணிய நான் இல்லாம குடிச்சிட்டு வந்து குந்திகினு கீற பாரு, அதுல."

"பாய், நான் இன்னா சொல்றன்னா..."

"நீ ஒண்ணியும் சொல்லாத. கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு."

பாதி இறங்கியிருந்த ஷட்டரை பாசித் முழுக்க மேலே தள்ளினான். வீட்டுக்குள் வகிதாவுக்கும், தெருவில் போகிறவர்களுக்கும், கயிற்றின் விலை கேட்கும் சாக்கில் வாசலில் நின்ற எனக்கும் கேட்கும்படி, உரக்கக் கேட்டான்:

"நாம மூணு பேரும் நாவலேரிக்கு எப்ப போறோம்?"