பாதி உத்தரவு

இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், 1982ஆம் ஆண்டு மழை ஓய்ந்த மாதங்களில், வேலைக்குமுன் எல்லோரும் கூடும் காலைப் பெரட்டில் ஆள் எண்ணி முடிந்ததும் நாகலெட்சுமி மட்டும் வரிசையை விட்டு முன்னே வந்து வாயைத் திறக்க வேண்டும். தோட்டத்து மருந்துசாலையைப் பார்த்துக்கொண்ட அலோசியஸ் அவள் நாக்கில் ஓர் இரும்புச்சத்து மாத்திரையை வைப்பார். அவள் விழுங்கிவிட்டு, நாக்கைத் தூக்கிக் காட்டுவாள். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் அத்தனை பேரும் சிரிப்பார்கள்.

இரண்டு வருடமாக மாத்திரை கொடுத்தும் அவள் கண்ணிமையின் உட்புறம் வெளுத்தே இருந்தது. மாத்திரையை வாங்கி லயத்து வீடுகளின் சாக்கடைக் கானில் எறிவது பலருக்கும் வழக்கம். இவளும் அப்படித்தான் என்று அலோசியஸ் முடிவுகட்டியிருந்தார், அதனால்தான் இந்தச் சோதனை.

சிரிப்புக்கு நடுவே அவளுக்கு ஒரு கவலை இருந்தது. தை மாதத்தில் அவளுக்கும் அத்தை மகன் வீரய்யாவுக்கும் கல்யாணம். முகத்தில் இரத்தம் ஏறினால்தான் தாலி என்று அத்தை அம்மாக்கண்ணு சொல்லிவிட்டாள்.

"வெளுத்த புள்ள, கூடையத் தூக்குவாளா, கொழந்தையத் தூக்குவாளா?"

"நேத்து உங்களவிட ரெண்டு கிலோ கூடத்தான் எடுத்தேன் அத்தை," என்றாள் நாகலெட்சுமி.

மூன்று மாதம் போயிற்று. வெளுப்பு மாறவில்லை. அலோசியஸ் நேர்மையான மனிதர். மாத்திரை வயிற்றுக்குள் போனதைத் தன் கண்ணாலேயே பார்த்தவர், அப்படியானால் பிழை தன் கணக்கில்தான் என்று ஒப்புக்கொண்டு அவளுடைய இரத்தத்தைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். பதில் நீண்ட கடிதமாக வந்தது. எழுதிய டொக்டருக்கு விளக்கிச் சொல்வதில் ஆசை போலும். நாகலெட்சுமிக்கு இரும்புச்சத்துக் குறைவே இல்லை, மாத்திரையை நிறுத்துங்கள் என்று தொடங்கியிருந்தார். அவளுக்கு இருந்தது தலசீமியாவின் இலேசான வடிவம்.

பெரட்டுக் களத்தில் நின்றபடியே அலோசியஸ் அதை அவளுக்கும் அத்தைக்கும் வாசித்துச் சொன்னார். இரத்தத்தின் சிவப்புப் பொருளைச் செய்யும் முறை, உயிரணுவின் நடுவே ஒரு புத்தகம்போலப் பத்திரமாக இருக்கிறது. புத்தகம் வெளியே வராது. அதைப் பார்த்தெழுதிய பிரதி ஒன்றுதான் வேலை நடக்கும் இடத்துக்கு வரும். அதற்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். ஒவ்வொருவருக்கும் அம்மா கொடுத்த புத்தகம் ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. சிலரிடம் ஒரு புத்தகத்தில் ஓர் எழுத்து பிழையாகி, 'முடிந்தது' என்ற சொல் பாதியிலேயே வந்துவிடுகிறது. அப்படிப்பட்ட பிரதியை உயிரணு அழித்துவிடுவதை அண்மையில்தான் கண்டிருக்கிறார்கள். நாகலெட்சுமியின் பிழை அந்த வகையா என்று இங்கே பார்க்க வசதியில்லை, ஆனால் இருக்கலாம் என்று டொக்டர் எழுதியிருந்தார்.

பிழையான பிரதியை உயிரணு எப்படி அடையாளம் காண்கிறது என்பது பல வருடம் கழித்துத்தான் தெளிவானது. பிரதி, துண்டுகளை ஒட்டித் தயாராகிறது. ஒவ்வோர் ஒட்டுக்கும் பக்கத்தில் ஓர் அடையாளம் ஒட்டியிருக்கும். வாசித்துப் போகும் இயந்திரம் அடையாளங்களைத் தட்டிவிட்டுக்கொண்டே நகரும். 'முடிந்தது' வந்த பிறகும் அதைத் தாண்டி ஓர் அடையாளம் மிச்சமிருந்தால் ஏதோ தவறு. உடனே பிரதி சிதைக்கப்படும்.

இதெல்லாம் தெரியாத அலோசியஸுக்கு அன்று ஒரே சந்தேகம். பாதியாவது செய்யலாமே, ஏன் அழிக்க வேண்டும்?

நாகலெட்சுமிதான் பதில் சொன்னாள். "நாத்துமேடை கத மறந்து போச்சா ஐயா?"

யாருக்கும் மறக்கவில்லை. மலைவேலையை மேற்பார்க்கும் கண்டாக்குக்கு ஆபீசிலிருந்து தினமும் உத்தரவுத் துண்டு வரும். ஒருநாள், 'நாற்றுகளைப் பிடுங்கவும்' என்பதோடு துண்டு நின்றுவிட்டது. 'புதுமலையில் நடவும்' என்ற வரியைத் துண்டு எழுதும் ஆபீஸ் கிளாக்கர் விட்டுவிட்டார். சொன்னபடியே பிடுங்கினார்கள். நாற்றெல்லாம் பாதையை அடைத்துக்கொண்டு குவிந்து அழுகியது. அதன்பிறகு, கடைசியில் தோட்டத்தை நடத்தும் தொரையின் கையெழுத்து இல்லாத துண்டைக் கண்டால் கண்டாக்கு கிழித்துப் போட்டுவிடுவார்.

"பாதி வேல, வேலையே செய்யாததவிட மோசம்ங்க," என்றாள். "எனக்குள்ள ரெண்டு கிளாக்கர். ஒருத்தர் துண்டு கிழிஞ்சு போகுது. மத்தவர் துண்டுல வேல நடக்குது. அதான் வெளுத்திருந்தாலும் என் கூடை நெறையுது."

அலோசியஸ் கடிதத்தை மடிக்கப் போனார். டொக்டர் ஒரு பக்கத்தில் சொன்னதை இவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். ஆனால் கடைசிப் பத்தி இன்னும் இருந்தது, அதையும் வாசித்தார். மாப்பிள்ளை சொந்தமென்றால் அவரையும் சோதிக்க வேண்டும். அவரிடமும் பிழை இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு புத்தகமும் பிழையாக அமைய நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அந்தப் பிள்ளை அடுத்தவர் இரத்தத்தில்தான் வாழும்.

அம்மாக்கண்ணு அவசரமாகக் கூடையை எடுத்து மாட்டிக்கொண்டாள். நாகலெட்சுமியின் அப்பா அவளுடைய தம்பி. பிழை அந்த வழியில் வந்திருந்தால் அது அவள் வீட்டு இரத்தம்.

அன்று மாலை நாகலெட்சுமி வீரய்யாவிடம் நேராகவே பேசினாள். "உங்களுக்கும் இருந்தா கல்யாணம் வேணாம் மச்சான். உங்களப் பிடிக்காம இல்ல. புள்ளைய ஊசியோட வளக்க எனக்கு மனசு வராது."

அவன் தலையாட்டினான். கவ்வாத்துக் கத்தியால் நாளெல்லாம் தேயிலைச் செடி வெட்டுகிறவன், மறுநாள் ஊசியைப் பார்த்ததும் மருந்துசாலையின் வாங்குப் பலகையில் சரிந்தான்.

"மலையில அட்டைக்கு ரத்தத்த அள்ளி அள்ளிக் குடுக்குறீங்க, டொக்டருக்குக் கொஞ்சம் குடுக்கக் கூடாதா?" என்று கூட வந்த நாகலெட்சுமி கேட்டதும் வெட்கப்பட்டுக் கையை நீட்டினான்.

பதினைந்து நாள் கழித்துப் பதில் வந்தது. வீரய்யாவின் இரத்தத்தில் பிழை இல்லை. பிறக்கும் பிள்ளைகள் மிஞ்சிப்போனால் அம்மாவைப்போல வெளுத்திருக்கலாம், அவ்வளவுதான். அம்மாக்கண்ணு மறுநாளே பந்தல்காரருக்கு ஆள் அனுப்பினாள். பிழை தன் தம்பி பெண்டாட்டி வழியில்தான் வந்திருக்கும் என்று லயம் முழுக்கச் சொல்லியும் வைத்தாள். அவள் இரத்தத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை.

அடுத்த நாள் பெரட்டில் அலோசியஸ் பழையபடி நாகலெட்சுமியை முன்னே கூப்பிட்டார். பெண்கள் சிரிக்கத் தயாரானார்கள். இந்தப் பிள்ளை ஒரு மாத்திரையையும் எறியவில்லை, பிழையாக நினைத்தவன் நான்தான் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அவள் அவர் கையிலிருந்த போத்தலிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து நீட்டினாள்.

"ஐயா, வாயத் தொறங்க."

அலோசியஸ் விழுங்கினார். பிறகு, யாரும் கேட்காமலே நாக்கைத் தூக்கிக் காட்டினார்.